இயந்திரம் வரையும் கொடைக்கானல்

கொடைக்கானல் என்று மட்டும் எழுதி ஒரு படம் கேட்டுப் பாருங்கள். எந்தச் செயலியாக இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே காட்சிதான் வந்து நிற்கும். நெட்டுக்குத்தாக வளர்ந்த பைன் மரங்கள், அவற்றுக்கு நடுவே புகுந்து வரும் மூடுபனி, ஓர் ஏரி, அதில் ஒரு படகு. வெளிச்சம் எப்போதும் விடியற்காலை வெளிச்சம். படம் அழகாகவே இருக்கும். அடுத்து, கொடைக்கானல் இருக்கும் பழனி மலையின் சரிவில் பூத்திருக்கும் குறிஞ்சி வேண்டும் என்று கேளுங்கள். மலை முழுக்க ஊதா நிறம் வரிசை வரிசையாக ஓடும். சிக்கல் அந்த வரிசையில்தான் இருக்கிறது. குறிஞ்சி வரிசை கட்டி வளர்வதில்லை; வரிசையாக நட்டு அறுவடை செய்வது தெற்கு ஐரோப்பாவின் லாவெண்டர். படத்தைப் பெரிதாக்கினால் பூவும் லாவெண்டர்தான் என்று தெரியும்: ஈர்க்குச்சி போன்ற தண்டு, அதன் நுனியில் கதிராக மொய்த்த சிறு பூக்கள். உண்மையான குறிஞ்சி ஒரு குத்துச்செடி. எதிரெதிராக அமைந்த இலைகள், ஓரமெல்லாம் சிறு பற்கள். இலைக்கக்கத்திலிருந்து கிளம்பும் பூங்கொத்தில் ஒவ்வொரு பூவும் ஐந்து மடலாக வாய் விரிந்த ஒரு மணி. இவற்றில் ஒன்றுகூட இயந்திரம் தந்த படத்தில் இருக்காது.

கைபேசியிலும் டேப்லெட்டிலும் படம் வரைவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இன்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கல்லூரியும் வேலையும் முடிந்து வந்து, ஐபிஸ் பெயின்ட், கிரிட்டா போன்ற செயலிகளில் லேயர் மேல் லேயராக வரைந்து, நள்ளிரவில் குழுவில் பகிர்ந்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள். முன்பெல்லாம் அவர்கள் படத்துக்குக் கீழே வந்த கேள்வி "எந்த பிரஷ் யூஸ் பண்ணீங்க?" என்பது. இப்போது முதலில் வருவது "நீங்களே வரைஞ்சதா, ஏஐ-யா?" என்பது. நாள்கணக்கில் உழைத்தவருக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று வரைகிறவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வரி எழுதிப் படம் வாங்கியவரோ "யோசனை என்னோடதுதானே?" என்கிறார். இருவர் பக்கமும் கோபம் இருக்கிறது. இந்த வாக்குவாதத்தில் அடிப்படையான ஒரு கேள்வி மட்டும் விடுபட்டுப் போகிறது: இயந்திரம் தரும் படத்தில் புதுமை என்று ஒன்று இருந்தால், அது எங்கிருந்து வருகிறது? கடந்த சில ஆண்டுகளில் இதற்குக் கணிதத்திலேயே விடை கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. அந்த விடையைப் பழனி மலையை வைத்துப் புரிந்துகொள்வது எளிது. இயந்திரத்தின் கை எங்கே வலுவாக இருக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதை இந்த மலை பளிச்சென்று காட்டிக்கொடுக்கிறது.

முதலில் அந்தக் கருவி வேலை செய்யும் விதம். ஒரு ஒளிப்படத்தை எடுத்து அதன்மேல் தாறுமாறான புள்ளிகளைக் கொஞ்சம் தூவுகிறார்கள். இதை இரைச்சல் என்பார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தூவிக்கொண்டே போனால், கடைசியில் படம் முழுதும் அழிந்து வெறும் புள்ளிக்கூட்டம் மிஞ்சும். ஒவ்வொரு படியிலும் "இதில் எது இரைச்சல், சொல்" என்று ஒரு நரம்பு வலையமைப்பைக் கேட்டுக் கேட்டுப் பழக்குகிறார்கள். கோடிக்கணக்கான படங்களில் இப்படிப் பழகிய பிறகு, படமே இல்லாத வெறும் இரைச்சலைக் கொடுத்து "சுத்தம் செய்" என்கிறார்கள். இல்லாத படத்தை இருப்பதாக எண்ணி அது சுத்தம் செய்யத் தொடங்குகிறது. சில பத்துப் படிகளில் ஒரு காட்சி எழுந்து வருகிறது. வெப்ப இயக்கவியலிலிருந்து கடன் வாங்கிய இந்த யோசனை 2015-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. 2020-இல் தரமான படங்களைத் தரும் நிலைக்கு முன்னேறியது. 2022 ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் தங்கள் கணினியில் நிறுவிக்கொள்ளும் பொருளாயிற்று.

நாம் எழுதும் சொல்லுக்கும் படத்துக்கும் பாலம் போடுவது இன்னொரு வலையமைப்பு. ஓப்பன்ஏஐ 2021-இல் வெளியிட்ட கிளிப் என்பது 40 கோடி படங்களையும் அவற்றோடு இணையத்தில் கிடந்த விளக்க வரிகளையும் சேர்த்துப் படித்து, எந்தச் சொல்லோடு எந்தக் காட்சி ஒட்டும் என்று கற்றுக்கொண்டது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் பயிற்சிக்கு ஆதாரமாக இருந்த லயன்-5பி தொகுப்பில் 585 கோடி பட-வரி இணைகள் இருந்தன. அதில் ஆங்கில விளக்கம் கொண்டவை ஏறத்தாழ 230 கோடி. ஆக, இயந்திரத்துக்குத் தெரிந்த கொடைக்கானல் என்பது, இணையத்தில் யாரோ படம் ஏற்றி, அதற்கு யாரோ ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி வைத்த கொடைக்கானல். குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லிப் பிரித்த மொழி நம்முடையது. அந்தத் தொகுப்பிலோ "ஊதாப் பூ, மலை, இந்தியா" என்ற அளவில் விளக்கம் இருந்தாலே அது நல்ல விளக்கம்.

இவ்வளவு படங்களையும் இயந்திரம் உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டு வெட்டி ஒட்டித் தருகிறது என்று வரைகிறவர்கள் பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இருக்க முடியாது. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புக் கோப்பு ஏறத்தாழ 4 ஜிபி, அதாவது 400 கோடி பைட். அதை 230 கோடி படங்களுக்குப் பங்கிட்டால் படத்துக்கு இரண்டு பைட்கூட வராது. "க" என்ற ஒற்றைத் தமிழ் எழுத்தைக் கணினியில் சேமிக்கவே வழக்கமான முறையில் மூன்று பைட் வேண்டும். ஒரு எழுத்துக்கும் போதாத இடத்தில் ஒரு படத்தை ஒளித்து வைக்க வழியில்லை.

அதற்காக அது நகல் எடுப்பதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நிக்கோலஸ் கார்லினியும் உடன் ஆய்வாளர்களும் 2023-இல் இதைச் சோதித்தார்கள். பயிற்சித் தொகுப்பில் மிக அதிக முறை திரும்பத் திரும்ப இடம்பெற்ற 3.5 லட்சம் படங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் விளக்க வரிகளையே கட்டளையாகக் கொடுத்து 17.5 கோடி படங்களை உருவாக்கினார்கள். அவற்றில் மூலத்தின் அச்சு அசல் நகல் என்று சொல்லத்தக்க வகையில் 109 படங்கள் சிக்கின. எண்ணிக்கை சிறியது. ஆனால் எவை சிக்கின என்பதுதான் முக்கியம்: இணையத்தில் எண்ணற்ற இடங்களில் பிரதி எடுத்து ஒட்டப்பட்டவை. ஒன்று எவ்வளவு முறை கண்ணில் படுகிறதோ, அவ்வளவு ஆழமாகப் பதிகிறது. அடிக்கடி வருவதன் பக்கம் சாய்வது இந்த இயந்திரத்தின் உடன்பிறந்த குணம்.

அப்படியானால் மற்ற கோடிக்கணக்கான படங்களில், முன்பு எங்கும் இல்லாத ஒரு காட்சி எப்படி வருகிறது? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மேசன் காம்பும் சூர்யா கங்குலியும் தந்த விளக்கம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. அவர்கள் எழுப்பிய புதிர் இது. இரைச்சலை நீக்கும் வேலையை ஓர் இயந்திரம் துளிப் பிசகில்லாமல் கற்றுக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கணிதப்படி அது போய்ச் சேரக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான்: தான் பயின்ற படங்களில் ஏதாவது ஒன்று. அதாவது, பாடத்தைக் குறையறக் கற்ற இயந்திரம் நகலை மட்டுமே தரும். புதுப்படம் வருகிறது என்றாலே அது பாடத்தை முழுதாகக் கற்கவில்லை என்று பொருள். இந்த இயந்திரத்தின் "படைப்பாற்றல்" அதன் குறையிலிருந்து பிறக்கிறது.

அந்தக் குறை எது என்பதையும் அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். இவ்வகை வலையமைப்பு படத்தின் ஒரு சிறு துண்டைச் சுத்தம் செய்யும்போது அந்தத் துண்டையும் அதன் அக்கம்பக்கத்தையும் மட்டுமே பார்க்கிறது. மொத்தப் படம் அதன் கண்ணுக்கு எட்டுவதில்லை. அந்தத் துண்டு படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அது பொருட்படுத்துவதில்லை. நான்கு பேர் ஒரு பெரிய கோலத்தை நான்கு மூலையிலிருந்து தொடங்கி, ஒருவர் போடுவதை மற்றவர் பார்க்காமல் இழுத்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? ஒவ்வொருவர் கைக்கோலமும் தன்னளவில் சரியாக இருக்கும். நடுவில் வந்து சேரும்போது புள்ளி பிசகும், இழை எங்கோ போகும், ஆனால் அதுவரை யாரும் போடாத ஒரு கோலம் வாசலில் இருக்கும். இந்த இரண்டு கட்டுப்பாடுகளை மட்டும் வைத்து, எந்தப் பயிற்சியும் இல்லாமல், வெறும் சமன்பாடுகளாலேயே, சிறிய வலையமைப்புகள் என்ன படம் தரும் என்று அவர்கள் முன்கூட்டிக் கணித்தார்கள். கணிப்பும் இயந்திரம் தந்த படமும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போயின. ஆரம்பகால ஏஐ படங்களில் கைக்கு ஆறு விரல், சட்டைக்கு மூன்று கை என்று வந்ததற்கும் இது ஒரு காரணம்: ஒரு விரலுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல் இருப்பது பொருத்தம்தான், மொத்தம் எத்தனை என்று எண்ணுவதற்கு ஆள் இல்லை.

இன்றைய பெரிய கருவிகளில் படத்தின் தொலைதூரப் பகுதிகளையும் இணைத்துப் பார்க்கும் உறுப்புகள் சேர்ந்திருக்கின்றன. சொல்லின் வழிகாட்டலும் உண்டு. அதனால் இந்தக் கோட்பாடு முழுக் கதையையும் சொல்லிவிடாது. ஆனாலும் நமது குறிஞ்சிக்கு என்ன நேர்ந்தது என்பதை இதை வைத்து என்னால் ஊகிக்க முடிகிறது. மலைச்சரிவு, ஊதா நிறம், பூ என்ற மூன்றும் சேரும் இடத்தில் இயந்திரத்திடம் குவிந்து கிடக்கும் துண்டுகளில் மிகப் பெரும்பான்மை லாவெண்டர் தோட்டத்திலிருந்து வந்தவை. குறிஞ்சித் துண்டுகள் அபூர்வம். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொடைக்கானல் சரிவுகளில் குறிஞ்சி 2006-இல் பூத்தது, பிறகு 2018-இல். 2006-இல் ஸ்மார்ட்போன் பரவலாக இல்லை. ஆகவே எல்லார் கையிலும் கேமரா வந்த பிறகு இங்கே நடந்த பெரும் பூப்பு ஒரே ஒன்று. ஆண்டுதோறும் பூக்கும் செடியோடு, 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை போட்டுவிட்டு மடியும் செடி எண்ணிக்கையில் எப்படிப் போட்டியிட முடியும்?

பைன் மரங்களின் கதையையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். கொடைக்கானலின் அடையாளமாகச் சினிமாவிலும் செல்ஃபியிலும் நிலைத்துவிட்ட பைன் காடு இந்த மண்ணுக்குச் சொந்தமானதில்லை. பிரிட்டிஷ் அதிகாரி பிரையன்ட் இங்கே பைன் நடத் தொடங்கியது 1906-இல். யூகலிப்டஸும் சீகை என்று இங்கே சொல்லப்படும் வாட்டிலும் அப்படி வெளியிலிருந்து வந்து குடியேறியவை. இந்த மலைமுடிகளின் இயல்பான கோலம் வேறு: பரந்த புல்வெளி, பள்ளங்களில் மட்டும் அடர்ந்து நிற்கும் சோலைக்காடு. புல்வெளியை வீணாகக் கிடக்கும் நிலம் என்று எண்ணி அதில் மரம் நட்டுத் தள்ளினார்கள். அரசுமணி, ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்ட ஆய்வு, 1973-இலிருந்து 2014-க்குள் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. அந்த இடத்தைப் பிடித்தவை மரத்தோட்டங்களும் விவசாயமும்.

குறிஞ்சி வளர்வது அந்தப் புல்வெளியில்தான். நிலத்தில் அதன் இடத்தைத் தோட்ட மரம் எடுத்துக்கொண்டது. பயணிகளின் கேமரா அந்தத் தோட்ட மரத்தையே திரும்பத் திரும்பப் படம் பிடித்தது. அந்தப் படங்களிலிருந்து இயந்திரம் கொடைக்கானல் என்றால் பைன் என்று கற்றது. இப்போது அந்த இயந்திரம் தரும் பைன் படங்கள் மறுபடி இணையத்தில் கொட்டுகின்றன. மலையில் நடந்த ஓரினச் சாகுபடி படத்திலும் நடக்கிறது. இந்தச் சுழல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. இலியா ஷுமைலோவும் உடன் ஆய்வாளர்களும் 2024-இல் 'நேச்சர்' இதழில் காட்டினார்கள்: இயந்திரம் உருவாக்கியதையே அடுத்த தலைமுறை இயந்திரத்துக்குத் தீனியாகப் போட்டுக்கொண்டே போனால், முதலில் மறைவது அபூர்வமானவை, பிறகு எஞ்சியவையும் ஒன்றுபோலாகும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் மாதிரிச் சரிவு.

சரி, வரைகிறவர்களின் குழுக்களில் நடைமுறையில் என்ன நடந்திருக்கிறது? எரிக் ஜோவும் டோக்யுன் லீயும் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாக அளந்தது. ஒரு கலைப் பகிர்வுத் தளத்தில் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் போட்ட 40 லட்சத்துக்கும் அதிகமான படங்களை எடுத்துக்கொண்டார்கள். ஏஐ-யைக் கையில் எடுத்தவர்களின் படைப்பு எண்ணிக்கை 25 சதவீதம் உயர்ந்தது. ஒரு படத்தைப் பார்ப்பவர் அதை விரும்பிக் குறிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடியது. இதுவரை நல்ல செய்தி. அடுத்ததுதான் கவனிக்க வேண்டியது. பொருளடக்கத்தில் உச்சத்தைத் தொட்ட படங்களின் புதுமை காலப்போக்கில் ஏறியது. சராசரிப் படத்தின் புதுமையோ இறங்கியது. கோடு, நிறம், அமைப்பு என்ற காட்சித் தளத்தில் உச்சம், சராசரி இரண்டுமே இறங்கின. யாரும் நினைக்காத ஒன்றை நினைத்துக்கொண்டு வந்த சிலருக்குக் கருவி உதவியது. கருவி தருவதை வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் ஒத்துப்போனார்கள்.

2025 மார்ச்சில் நம் கைபேசிகளில் இதைக் கண்ணாரக் கண்டோம். சாட்ஜிபிடி-யில் புதிய பட வசதி வந்த அந்த வாரம், கல்யாணப் படம், குலதெய்வக் கோயில் படம், கோக்கர்ஸ் வாக்கில் எடுத்த குடும்பப் படம் எல்லாமே ஜப்பானின் கிப்லி பாணிக்கு மாறின. ஹயாவோ மியாசாகியும் அவரோடு இருந்தவர்களும் பல பத்தாண்டுகள் கையால் வரைந்து வரைந்து கண்டெடுத்த புல்லின் அசைவும் மேகத்தின் கனமும் ஒரு பொத்தானுக்குள் அடங்கிவிட்டன. மகிழ்ச்சியாகப் பகிர்ந்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்று வந்த ஆயிரமாயிரம் படங்களில் கோக்கர்ஸ் வாக்கின் புல்லை யாரும் பார்க்கவில்லை; எல்லாம் ஜப்பானியப் புல்லாகிவிட்டன.

பாணியைப் பொருளிலிருந்து பிரிக்க முடியும் என்று முதலில் காட்டியவர்கள் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் இருந்த லியோன் காட்டிஸும் உடன் ஆய்வாளர்களும், ஆண்டு 2015. பொருள்களை அடையாளம் காணப் பழகிய வலையமைப்பின் உள்ளடுக்குகளில் எது எங்கே இருக்கிறது என்ற தகவல் இருக்கும். எந்த நிறமும் எந்தக் கீற்றும் சேர்ந்தே வருகின்றன என்ற தொடர்பை மட்டும், இடத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் கிடைப்பது பாணி. ஒரு படத்தின் பொருளையும் இன்னொன்றின் பாணியையும் இணைத்துவிடலாம். இந்த வகை வேலைதான் இந்தியாவின் முதல் ஏஐ பதிப்புரிமை விவகாரமாகவும் ஆனது. வழக்கறிஞர் அங்கித் சாஹ்னி, தான் எடுத்த ஓர் அந்திச் சூரியன் ஒளிப்படத்தை ராகவ் என்ற மென்பொருளிடம் கொடுத்து, வான் கோவின் விண்மீன் இரவு ஓவியத்தின் பாணியை ஏற்றச் சொன்னார். 'சூர்யாஸ்த்' என்ற அந்தப் படத்துக்கு 2020-இல் இந்தியப் பதிப்புரிமை அலுவலகம் சாஹ்னியையும் மென்பொருளையும் இணை ஆசிரியர்களாகப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டே பதிவைத் திரும்பப் பெறுவதாக நோட்டீஸ் அனுப்பியது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 டிசம்பரில் பதிவை உறுதியாக மறுத்தது: ஒளிப்படமும் பாணியின் தேர்வும் அதன் அளவும் மனிதருடையவை என்றாலும், நிறமும் கீற்றும் எங்கே எப்படி விழ வேண்டும் என்று முடிவு செய்தது இயந்திரம் என்பது அதன் வாதம்.

நம் நாட்டுச் சட்டம் உழைப்பை அளப்பதில்லை என்பதையும் வரைகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வியர்வை சிந்தியது மட்டும் போதாது, சிறிதளவாவது படைப்புத்திறன் வேண்டும் என்றது. பாணிக்குத் தனிமனிதர் உரிமை கோரவும் முடியாது. ஒரு ஊரே சேர்ந்து வளர்த்த தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு, பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் கிடைத்தது. ஓர் ஓவியர் வாழ்நாளெல்லாம் தேடிக் கண்ட கோட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. இது நியாயமில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் பாணியைப் பூட்டி வைத்திருந்தால் ஓவிய மரபு என்ற ஒன்றே வளர்ந்திருக்காது என்பதும் உண்மை. இதில் எளிய தீர்ப்பு என்னிடம் இல்லை.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இந்த மலையில் பொழுதுபோக்காக வரைந்தவர்களின் பழைய கதை. ஃபைசன் என்ற சென்னை மாநிலக் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர், நீலகிரி, பழனி மலைமுடிகளின் செடிகொடிகளைப் பற்றி 1915-இலிருந்து மூன்று பகுதிகளாக ஒரு நூல் வெளியிட்டார். அதன் கோட்டோவியங்களில் பலவற்றை வரைந்தவர்கள் அவருடைய மனைவியும், கொடைக்கானலில் செடி சேகரித்த ஆல்ஃப்ரெட் போர்னின் மனைவி லேடி போர்னும். யாரும் தொழில்முறை ஓவியர் இல்லை. பின்னாளில் செண்பகனூர் இயேசு சபைப் பாதிரியார் லூயி ஆங்கிலாடு இந்த மலைச் செடிகளை நீர்வண்ணத்தில் வரைந்து குவித்தார். செண்பகனூரில் இயங்கும் இயற்கை வரலாற்று நிறுவனம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. செடியின் ஒளிப்படம் இருந்தும் தாவரவியலாளர்கள் இன்றுவரை கோட்டோவியம் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒளிப்படத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் விழும். வரைகிறவர் பூவைப் பிரித்து, மகரந்தத் தாள் எத்தனை, இலை ஓரத்தில் பல் இருக்கிறதா, காம்பில் மயிர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்தால்தான் கோடு இழுக்க முடியும். அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஒரு தீர்மானம்.

அதே மலையில், 2,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், சூரியனையும் அப்படித்தான் வரைந்தார்கள். 1899-இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904-இலிருந்து சூரியனை ஒளித்தகட்டில் படம் பிடித்து வருகிறார்கள். சூரியப் புள்ளியின் அரைநிழல் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். நிறமாலைக் கோட்டில் தெரிந்த ஒரு மிகச் சிறிய சாய்வை அவர் கண் விட்டுவிடவில்லை. ஒளித்தகடுகளோடு நிற்காமல், கட்டம் போட்ட வட்டத் தாளில் அன்றன்றைய சூரியனைக் கையாலும் வரைந்து வைத்தார்கள். புள்ளிகள், ஒளித்திட்டுகள், இழைகள், விளிம்பில் எழும் தீப்பிழம்புகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறம். இது திட்டா, தகட்டின் அழுக்கா என்று அன்றைக்குப் பணியில் இருந்தவர் முடிவு செய்து நிறம் தீட்டினார்.

இந்த வரைபடங்களை அண்மையில் எண்மமாக்கி, இயந்திரக் கற்றல் வழியாக அந்தத் திட்டுகளைப் பிரித்தெடுத்து, பல சூரியச் சுழற்சிகளின் வரலாற்றை வானியலாளர்கள் மீட்டெடுக்கிறார்கள். இங்கே இயந்திரம் புதிதாக ஓர் அழகான புள்ளியைத் தானே சேர்த்துவிட்டால் ஆய்வே கெட்டுவிடும். இல்லாததை இருப்பதாகக் காட்டுவதை ஆய்வகத்தில் பிழை என்கிறோம். ஓவியச் செயலியில் கற்பனை என்கிறோம். இரண்டு இடத்திலும் இயந்திரம் செய்வது ஒன்றுதான்: பயின்றதை வைத்து வெற்றிடத்தை நிரப்புவது. எந்த நிரப்பல் வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல, அசலைப் பார்த்த ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இந்தக் கருவியை வைத்துக்கொண்டே அசலைப் பார்த்தவராக இருக்க முடியுமா? முடியும், அதற்கும் வழி இந்தக் கணிதத்திலேயே இருக்கிறது. வெறும் இரைச்சலிலிருந்து தொடங்காமல், நீங்கள் வரைந்த கோட்டோவியத்தின்மேல் பாதியளவு இரைச்சல் தூவி அங்கிருந்து சுத்தம் செய்யச் சொல்லலாம். செயலிகளில் இமேஜ் டு இமேஜ் என்று இருப்பது இதுதான். பக்கத்தில் ஸ்ட்ரெங்த் என்று 0 முதல் 1 வரை ஓர் எண் இருக்கும். 0.3 வைத்தால் உங்கள் கோடு பெரிதும் தங்கும், 0.8 வைத்தால் உங்கள் படம் ஒரு சாக்கு மட்டுமே. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. இரைச்சல் தூவும்போது முதலில் அழிவது நுண்விவரம். பெரிய வடிவங்கள் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். மலையின் வளைவும் வானத்தின் நிறமும் உங்களுடையவையாகவே நிற்கும். இலை ஓரத்துப் பல், எதிரெதிர் இலையமைப்பு, ஐந்து மடல் ஆகியவை முதல் சில படிகளிலேயே போய்விடும். அந்த இடங்களை இயந்திரம் தனக்குப் பழகிய துண்டுகளால் நிரப்பும். லேடி போர்ன் உற்றுப் பார்த்து வரைந்த விவரங்கள் எவையோ, அவைதான் முதலில் பறிபோகின்றன.

ஆகவே பெரிய வடிவத்தை இயந்திரத்திடம் விட்டுவிட்டு, நுண்விவரத்தைக் கடைசியில் தன் கையால் வரைவது நல்ல வேலைமுறை. பலர் இன்று தலைகீழாகச் செய்கிறார்கள்: பெரிய வடிவத்தைத் தாங்கள் கிறுக்கி, நுண்விவரத்தைக் கருவியிடம் விடுகிறார்கள். லோரா என்ற சிறு பயிற்சி முறையும் இருக்கிறது. தன் சொந்தப் படங்கள் சில பத்தைக் கொடுத்து, பெரிய மாதிரியைத் தன் கைக்குக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் படத்தைக் கேட்காமல் அதில் போடுவது மட்டும் கூடவே கூடாது. குழுவுக்குள் ஒருவர் ஒருவரை நம்புவதை அது முறித்துவிடும்.

"நீங்களே வரைஞ்சதா, ஏஐ-யா?" என்ற கேள்வியைக் குழுக்கள் இனி வேறு விதமாகக் கேட்கலாம் என்பது என் எண்ணம். முடிந்த படத்தோடு முதல் கோட்டோவியத்தையும் போடச் சொல்லுங்கள். கருவி பயன்படுத்தியிருந்தால் எந்த மாதிரி, ஸ்ட்ரெங்த் எவ்வளவு, பிறகு கையால் எங்கெங்கே திருத்தியது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒரு செடியை வரைந்தால் அதன் பெயரையும் பார்த்த இடத்தையும் மாதத்தையும் தமிழிலேயே எழுதுங்கள். வட்டக்கானல் பக்கத்துப் புல்வெளியில் மே மாதம் பார்த்தது என்ற ஒரு வரி, படத்தைப் பார்ப்பவருக்கும் பயன்படும், நாளைக்கு அதைப் படிக்கப்போகும் இயந்திரத்துக்கும் பயன்படும். தெரிந்த செடிதானே என்று பெயர் போடாமல் விட்டுவிடாதீர்கள்.